யார் அனுப்பினது?

"ஓடாதடி. உக்காரு," என்று கெசாயா டார்கஸின் தோளை அழுத்தி, சலவைக்காக அவள் கொண்டுவந்த துணிக்கூடையின் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். வாசல் வழியே படகுத்துறை தெரிந்தது. பிரிஸ்கோ துரை கைத்தடியை வீசிக்கொண்டு மேடேறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, எசமான் வர்றாரு. பின்வாசல் வழியா போயிடறேனே."

"அப்படிப் போனா நீ ஓடிப்போனவ. கனடா வரைக்கும் துரத்துவாங்க. இங்கயே இருந்தா அவரு அனுப்பி வந்தவ. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

அது அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலம். ஆற்றுக்கு அந்தக் கரை கென்டக்கி மாநிலம். அங்கே மனிதரை விற்கலாம். இந்தக் கரை ஒஹாயோ, இங்கே முடியாது. ஆனாலும் ஓடிவந்தவரைத் பிடித்துத் திருப்பிக்கொடுக்க வேண்டும். எசமானே தன் விருப்பத்தோடு இந்தக் கரையில் இறக்கிவிட்ட அடிமைக்கு மட்டும் நீதிபதிகள் சிலர் விடுதலை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் தெற்கே போகும் துரைகள் இந்தச் சின்சினாட்டி ஊரில் தங்கள் ஆட்களைப் படகைவிட்டு இறக்குவதில்லை.

கெசாயா வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, எசமானியின் உயிலால் விடுபட்டு, இங்கே வந்து சலவைக்கடை வைத்தவள். படகிலிருந்து கூடையோடு வரும் கறுப்பு முகம் எதுவானாலும், துணியைத் தொடும் முன் ஒரே கேள்விதான் கேட்பாள்: யார் அனுப்பினது? இத்தனை வருடத்தில் ஒருவர்கூடச் சரியான பதில் சொன்னதில்லை. இன்று டார்கஸ் சொன்னாள்: "எசமான்தான். ராத்திரி விருந்துக்கு மடிப்புச் சட்டை வேணுமாம். தெற்கே நாட்செஸ் சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்னை விக்கப்போறாரு."

ஆனால் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பர் சொல்லும் சாட்சி ஒஹாயோவில் செல்லாது. அதை ஒரு வெள்ளைக் காது கேட்டாக வேண்டும். அடுத்த கடை ஹைரமின் சவரக்கடை. ஹைரம் கறுப்பன், வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வெள்ளையர். கெசாயா பலகைத் தடுப்பைத் தட்டினாள். ஹைரம் இடைக்கதவைத் திறந்துவைத்தான். நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு ஆல்ட்ரிக் சாய்ந்திருந்தார். பன்றிக்கறி வியாபாரி. அடிமை ஒழிப்பு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்துபோகிறவர்.

பிரிஸ்கோ உள்ளே வந்தார். "சட்டை ஆச்சா?"

"தொடலை எசமான்," என்றாள் கெசாயா. தலை குனிந்திருந்தது, குரல் மட்டும் உயர்ந்தது. "இந்தப் பொண்ணு படகுலேருந்து ஓடிவந்துட்டாளோன்னு பயம். ஓடிவந்தவ கொண்டாந்த துணி எனக்கு வேண்டாம்."

பிரிஸ்கோவின் கழுத்து சிவந்தது. "என் ஆளுங்க ஓடமாட்டாங்க. எங்க அப்பா காலத்துலேருந்து ஒருத்தன் ஓடினதில்லை."

"எல்லா எசமானும் அப்படித்தான் சொல்றாங்க. விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம்."

"வாயை மூடு. நான்தான் அனுப்பினேன்."

"படகு ஊதுது எசமான். காதுல விழலை."

"நான்தான் இவளைக் கரைக்கு அனுப்பினேன், போதுமா?" கைத்தடி தரையில் இடித்தது.

"போதும்யா," என்று தடுப்புக்கு அப்பாலிருந்து ஆல்ட்ரிக் எரிந்துவிழுந்தார். "கழுத்துல கத்தி இருக்கு. இந்தக் கத்து கத்தினா மனுஷன் உயிரு போயிடும்."

கெசாயா டார்கஸ் பக்கம் திரும்பினாள். "டார்கஸ், எந்திரி. ஹைரம் அண்ணன்கூட நீதிபதி வீட்டுக்கு நட. ஓடக்கூடாது, நடக்கணும்."

டார்கஸ் சவரக்கடை வழியாக ஆல்ட்ரிக்கைக் கடந்து தெருவில் இறங்கினாள். கால்கள் தானாக வேகமெடுத்தன. ஹைரம் முழங்கையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி நடத்தினான். அவர்கள் தெருமுனை சேர்ந்த பிறகுதான், தான் சொன்ன வார்த்தையே அவளை விடுவிக்கும் என்பது பிரிஸ்கோவுக்குப் புரிந்தது. பிடியுங்கள் என்று கத்தினார். நடந்துபோகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, எதற்கு என்பதுபோல் துறைக்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை விசாரணை நடந்தது. அடிமை ஒழிப்புக்காரர்களைத் தனக்குப் பிடிக்காது என்று ஆல்ட்ரிக் முதலில் சொன்னார். பிறகு காதில் விழுந்ததைச் சொன்னார். நீதிபதி டார்கஸை விடுவித்தார். மதியம் படகு தெற்கே போனது. பிரிஸ்கோவின் சட்டைகளைக் கேட்டு யாரும் வரவில்லை. சாயங்காலம் மழை பெய்ததால் கெசாயாவும் டார்கஸும் துணியைக் கடைக்கு உள்ளே காயப்போட்டார்கள். டார்கஸ் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள்.