பூ கேட்கும் காடு

என் வீட்டுக்காரர் செல்வக்குமாருக்குக் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து விழுகிற வாளிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இருப்பதை ஒதுக்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்க வாளியைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்கு என்ன தோன்ற வேண்டும்? குளிக்கத் தோன்ற வேண்டும், சாப்பிடத் தோன்ற வேண்டும். இவருக்குப் பூதம் தோன்றும்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் அதற்குள் நடமாடுவார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். மூல விளையாட்டு வெளிநாட்டுக்காரன் செய்தது. அதோடு சேர்த்து ஆடப் புது ஊர், புதுப் பூதம், புது விதி என்று தனிப் புத்தகம் எழுதினால் அதற்குச் சப்ளிமெண்ட் என்று பெயர். இவர் அதை எழுதி நெட்டில் போடுவார். எவனோ ஒரு போலந்துக்காரன் வாங்கிப் படித்துவிட்டுப் பிரமாதம் என்று எழுதிவிட்டான். அன்றைக்கு இவருக்குக் கால் தரையில் படவில்லை.

யோசனைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. கீழக்குயில்குடி மலையில் இருக்கிற சமணர் படுக்கையில் படுப்பவனுக்கு, முன்பு அங்கே படுத்தவனுடைய கனவு வரும் என்று ஒரு புத்தகம். மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு மேலே வருகிற வருஷம் ஊரில் ஒரு ஆள் குறையும் என்று இன்னொன்று. கரண்ட் போனால் மட்டும் திறக்கிற கடைத்தெரு ஒன்று. இதெல்லாம் நான் சோறு போடும்போதுதான் உதிக்கும்.

"சுபா, செத்தவங்க கடைக்கு வந்தா எதக் குடுத்து சாமான் வாங்குவாங்க?" என்பார்.

"நீங்க உசுரோடதான இருக்கீங்க? போயி ரசத்துக்குத் தக்காளி வாங்கிட்டு வாங்க" என்பேன்.

கடைசியாக உதித்ததுதான் பூ கேட்கும் காடு. "எல்லாரும் பகடைய உருட்டுறாங்க. நம்ம ஊர்ல எவன் பகடைய உருட்டி முடிவெடுக்கான்? பூக்கட்டித்தான பாக்குறோம்" என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு, நினைத்ததை மனசுக்குள் கேட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இவருடைய காட்டில் முக்கியமான இடம் வந்தால் பகடை கிடையாது, காட்டுச்சாமியிடம் பூ கேட்க வேண்டும். எனக்கே அந்த யோசனை பிடித்துப் போய்விட்டது.

அந்த மேசையில் என் தம்பி ஜெயபாண்டியும் உட்காருவான். அவனுக்கும் கப்பலூரில்தான் வேலை, குடோனில் வண்டி ஓட்டுகிறான். போன வருஷம் அந்தக் குடோன் வாசலில் மலையாண்டி என்கிற காவலாளியை இரண்டு பேர் அடித்தே கொன்றுவிட்டார்கள். பார்த்தது என் தம்பி ஒருத்தன்தான். அடித்தவர்களில் ஒருத்தன் எங்கள் ஊர்க்காரன், எங்களுக்கும் அவனுக்கும் ஒரே குலசாமி. போலீசில் சொன்னதைக் கோர்ட்டிலும் வந்து சொல்ல வேண்டும் என்று தம்பிக்குச் சம்மன் வந்திருந்தது.

ஜாமீனில் வெளியே வந்த அந்த ஆட்கள் மிரட்டவே இல்லை. கறிக்கடையில் பார்த்து, "பாண்டி, நல்லாருக்கியா? மகள எந்த ஸ்கூல்ல சேத்திருக்க?" என்று கேட்டார்கள். இவன் சிரித்து மழுப்பிவிட்டான். அடுத்த தடவை பார்த்தபோது பள்ளிக்கூடத்தின் பெயரை அவர்களே சொன்னார்கள்.

"பாக்கலைன்னு சொல்லிருடா. செத்தவரு எந்திரிச்சா வரப்போறாரு?" என்று நான் கெஞ்சினேன். அவனோ குலசாமியிடம் பூக்கட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். அங்கே பூசாரியே அந்தக் கொலைகாரனுக்குச் சித்தப்பா. எப்படிப் போவான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பசுமலையில் எங்கள் வீட்டில் புதுக் காட்டை ஆடிப் பார்த்தார்கள். கதையில் குகை வாசல் வந்தது. உள்ளே போவதா திரும்புவதா என்று ஜெயபாண்டி பூ எடுக்க வேண்டும். கண்ணை மூடியவன் திறக்கவே இல்லை. கூட ஆடுகிற ஸ்பேர் பார்ட்ஸ் கடை யூனுஸ் பொறுக்கமாட்டாமல், "டேய் மாப்ள, பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு யோசிக்க மாட்டான்டா" என்றார். எல்லாரும் சிரித்தோம். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நான் குகையக் கேக்கல. கோர்ட்டுக்குப் போகவான்னு கேட்டேன். சாமி போன்னு சொல்லிருச்சு."

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"சுபா, ரெண்டுலயும் வெள்ளதான் வச்சிருந்தேன்."

"என்னது?"

"செவப்பு வந்தா குகைக்குள்ள போக மாட்டாங்கள்ல. கதை அங்கயே நின்னுரும். அதான்..."

"அடப்பாவி மனுஷா! சாமி பேர வச்சா ஏமாத்துவீங்க?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் ஒரு நிம்மதி. விஷயம் தெரிந்தால் தம்பி போகமாட்டான். "இன்னைக்கே போயிச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா பின்வாங்கிருவான். மலையாண்டிக்கு வேற சாட்சி இல்ல சுபா."

"சொல்லலைன்னா எனக்குத் தம்பி இல்ல."

நான் போய்ச் சொன்னால், தடுக்கத்தான் பொய் சொல்கிறேன் என்பான். இவர் சொல்லவும் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கம்பெனியில் நல்ல வாளிகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளித் திட்டு வாங்கினார். அங்கே என் தம்பியோ வயிறாரச் சாப்பிட்டான். கறிக்கடையில் அந்த ஆட்களைப் பார்த்து, "வெள்ளிக்கிழம கோர்ட்டுக்கு வாரேண்ணே" என்று தானாகவே சொல்லியிருக்கிறான். அவர்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிக்கொண்டு போக வந்தான். இனிமேல் தாங்காது என்று இவர் போட்டு உடைத்துவிட்டார்.

"ரெண்டுலயுமா?"

"ஆமா மாப்ள."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். "ஏன் மச்சான் சொன்னீங்க?" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் விடவில்லை. "வீட்டுக்குப் போடா. காய்ச்சல்னு சொல்லிக்கலாம்" என்றேன். அவன் எழுந்து போய் முகம் கழுவினான். என் முந்தானையில் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேங்க்கா" என்றான்.

வண்டிச் சாவி துவாரத்தில் போகவில்லை, அப்படி நடுக்கம். இவர் சாவியை வாங்கப் போனார், அவன் கொடுக்கவில்லை. "சரி மாப்ள, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்" என்று அவன் முதுகோடு ஒட்டி ஏறிக்கொண்டார். பின்னாலிருந்து எவன் வெட்டினாலும் முதலில் இவர் மேல்தான் விழும். ஒருத்தனைத் தடுக்கப் பார்த்து இரண்டு பேரை அனுப்பிவிட்டேனே என்று அடித்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் முழுசாக வந்தார்கள். பார்த்ததையெல்லாம் தம்பி கோர்ட்டில் சொல்லிவிட்டானாம். எதிர்த்தரப்பு வக்கீல், "யார் சொல்லி இங்க வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரும் சொல்லலைங்க. சாமியும் சொல்லல" என்றானாம்.

காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று நீதிபதி கேட்க, கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லியிருக்கிறான். அந்த ஆட்களுடைய சொந்தக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு என் வீட்டுக்காரர் அழுதார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அன்றைக்குச் சோறு போடும்போது தம்பியிடம் கேட்டேன், "பயமா இல்லையாடா?"

"இருக்குக்கா. இனிமே எந்நாளும் இருக்கும்" என்றான்.