படகுத்துறையில் நட்ட கன்றுகள்

எங்கள் அலையாத்திக் காட்டுச் சுற்றுலாக் குழுவில் துடுப்புப் போடுகிறவர்கள் பதினோரு பேர், நானும் ஒருவன். ஒரே பெண் சேத்தக்கா. எந்நேரமும் முழங்கால்வரை சேறு அப்பியிருப்பதால் வந்த பெயர். குழுத் தலைவர் அவளுடைய சொந்தக் கொழுந்தன். அவருக்கோ செருப்பில் சேறு பட்டாலே ஆகாது.

வருகிற விருந்தாளிகள் ஆளுக்கொரு அலையாத்திக் கன்று நட வேண்டும் என்பது தலைவரின் மூளையில் உதித்த திட்டம். எங்கே? படகுத்துறைப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுமாம், படம் எடுக்கத் தோதாம். அலை இழுக்கிற இழுப்பில் அங்கே புல்கூட நிற்காது என்று அவரிடம் யார் சொல்வது? நட்டார்கள், பெயர்ச்சீட்டுக் கட்டினார்கள், கைதட்டினார்கள், போனார்கள். இரண்டே நாளில் கன்றும் போனது.

சேத்தக்காவுக்குப் பொறுக்கவில்லை. முந்தைய புயலில் காட்டின் ஓரம் பிய்ந்து, அந்த ஓட்டை வழியாகத்தான் கடல் அவள் அடுப்பங்கரைவரை வந்திருந்தது. விருந்தாளிகள் கிளம்பியதும் கன்றுகளைச் சீட்டோடும் மண்ணோடும் பெயர்த்து, வாளியில் சுமந்துபோய் அந்த ஓட்டையில் நட்டாள். மூன்று வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. நாலாம் வருஷம் கொழுந்தனிடமே மாட்டிக்கொண்டாள்.

"விருந்தாளிங்க மரத்தைத் திருடுறீங்களே அண்ணி, வெக்கமா இல்ல?"

"நீங்க கொல்றீங்க, நான் திருடுறேன். எது தேவலாம், நீங்களே சொல்லுங்க தம்பி."

தலைவர் அவள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். புருஷன் இல்லாதவளுக்கு அந்தத் துடுப்புதான் சோறு. எங்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த வாரமே முதல் வருஷத்து விருந்தாளி ஒருவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"என் மரம் எங்கங்க?"

துறையில் பலகை மட்டும்தான் நின்றது. தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டு வாசலுக்கு ஓடினார்.

அவள் துடுப்பை வாங்கிக்கொண்டு எல்லாரையும் காட்டோரத்துக்குக் கூட்டிப்போனாள். ஓட்டை இருந்த இடத்தில் இடுப்புயரத்துக்குக் காடு. சேத்தக்கா சீட்டைத் தேடி விருந்தாளியின் மரத்தைக் காட்டினாள். மனுஷன் கண் கலங்கிவிட்டார். "எல்லாம் எங்க திட்டந்தாங்க" என்றார் தலைவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கையோடு, "அண்ணி, இனிமே எல்லாரையும் இங்கயே கூட்டிட்டு வந்து நடச் சொல்லலாமா?" என்றும் கேட்டார்.

"அத்தன பேரு மிதிச்சா இருக்கிறதும் செத்துடும். அவங்க அங்கயே நட்டுப் படம் புடிச்சுக்கட்டும். சாயங்காலம் நீங்க ஒரு வாளியோட வந்துடுங்க."

துடுப்பு அவள் கையில் இருந்தது. விருந்தாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் தலையாட்டினார்.

இப்போது தினமும் சாயங்காலம் அண்ணிக்குப் பின்னால் வாளியோடு போகிறார், முழங்கால்வரை சேற்றோடு. அவருக்குப் பட்டப்பெயர்தான் நாங்கள் இன்னும் வைக்கவில்லை.