ரவைப் பெட்டியின் மூடி

"பெட்டியை வாசிச்சிட்டாய், சரி. உள்ளுக்கை கிடக்கிறதை வாசிச்சியோ?"

அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. கேட்டவருக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. அதனால் அந்தக் கேள்வியை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய றெக்ஸ்டேலில், எங்கள் வீட்டில் இங்கிலிஷ் என்றால் அது நான்தான். அம்மாவும் அவருடைய தம்பியான மாமாவும் ஊரில் போருக்குள் வளர்ந்த காலத்தில் பள்ளிக்கூடம் என்பது இடம்பெயர்ந்து வந்த சனம் படுத்துறங்கும் கட்டடம். அவர்களும் அதற்குள் பல மாதங்கள் இருந்திருக்கிறார்கள். பாடம் நடக்கவில்லை. அப்பா இரண்டு மூன்று வகுப்புகள் கண்டவர். அவரோ கிழமையில் ஐந்து நாள் லொறியோடு நெடுஞ்சாலையில். ஆகவே மின்சாரப் பில், ஆஸ்பத்திரிக் கடிதம், கார்க் காப்புறுதி, என் வகுப்பு ரீச்சர் என்னைப் பற்றியே எழுதி அனுப்பும் முறைப்பாடு எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் நின்று வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. கடைசியாகச் சொன்னதை வாசிப்பதற்கு எனக்கென்று ஒரு தனி நடை இருந்தது.

அந்த வேலையில் நான் மிகவும் கெட்டிக்காரி என்று நம்பினேன். "தெரியாது" என்ற சொல்லை நான் பாவிப்பதே இல்லை. தெரியாத இடம் வந்தால் தாண்டிவிடுவேன். குரல் தடுமாறாவிட்டால் போதும், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

மாமா எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மென்ரில் இருந்தார். கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போவார்கள். ஒரு வருடம் மாமாவையும் அழைத்தார்கள். சிறுவனாக வன்னிக் காட்டில் பன்றி வேட்டைக்காரர்களின் பின்னால் நடந்தவர் என்பதால் மாமாவுக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. "காடெல்லாம் ஒண்டுதான் மருமகள். இங்கை கொஞ்சம் குளிர், அவ்வளவுதான்" என்றார்.

துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். துவக்கு லைசென்ஸ் எடுக்க ஒரு வகுப்பு, ஒரு சோதனை. அந்தப் பாடப் புத்தகத்தை மூன்று மாதம் நான் அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். சோதனையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக்கொண்டு கேள்விகளை அவருக்குத் தமிழில் வாசித்துக் கேட்டார்கள், பாஸ் பண்ணினார். முறைப்படி பழைய துவக்கு ஒன்று வாங்கினார். 303 என்ற ரகம், அவருடைய அப்பாவின் வயது இருக்கும். அதை இரும்புப் பெட்டியில் பூட்டி, திறப்பைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டார். சட்டத்துக்குப் பயப்படுவதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல் என்று கேள்விப்பட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார். வயதான பெண்மணி ஒருவர் இறந்துபோன தன் கணவரின் சாமான்களை மேசைகளில் பரப்பியிருந்தார். மீன் தூண்டில்கள், மரம் அரியும் வாள், இறப்பர்ச் சப்பாத்துகள். மேசையின் ஓரத்தில் ஒரு காகித மட்டைப் பெட்டி. அதன் வெளிப்பக்கத்தில் 303 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே துவக்கில் போட்டுச் சுடும் அறுபது ரவைகள், பித்தளை மங்கி, ஒழுங்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பெண்மணி மாமாவின் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, தன் கணவர் எதையும் மிகக் கவனமாகச் செய்கிற மனிதர் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் நான்கு வரிகள் இருந்தன. எழுத்துகளை ஒன்றோடொன்று கோர்த்து எழுதும் பழைய கை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரவே இல்லை. தையல் மெஷினிலிருந்து அறுந்து விழுந்த நூல்போலக் கிடந்தது அது.

"உதிலை என்ன எழுதியிருக்கு?" என்றார் மாமா.

"அவரின்ரை பேர்."

"நாலு வரியிலையோ?"

"வெள்ளைக்காரருக்கும் நீளப் பேர் இருக்கும் மாமா."

மாமா சிரித்தார். எங்கள் பெயர்களே இந்த நாட்டின் எந்தப் படிவத்துக்குள்ளும் அடங்காதவை. அதனால் அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் அம்மா பெட்டியைக் கண்டார். அதில் 303 என்று எழுதியிருப்பதை நான் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டியின் முன்னால் எட்டு மணி நேரம் நின்று, பிழையான மூடிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். அப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்ல முன்னமே, "எங்கடை பிரிட்ஜைத் திறந்து பார். ஐஸ்கிறீம் எண்டு எழுதின பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு? நேற்றையான் கத்தரிக்காய்க் குழம்பு" என்று சொல்லிவிட்டு, மேசையில் கடை விளம்பரத் தாள்களை விரித்தார். மாமா ஒவ்வொரு ரவையாக எடுத்துப் படுக்க வைத்தார். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டி ஓடாமல் நிற்பதே வசதி என்பதுபோல, பார்த்துக்கொண்டு போனார்.

"இது பச்சை பிடிச்சிருக்கு. எடு. இதின்ரை கழுத்திலை தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. எடு. இது ரெண்டும் மற்றதுகளைவிடக் கட்டை, இது வேறை ஆரின்ரையோ பிள்ளையள்."

"அக்கா, உது மூடியில்லை. ரவை."

"மூடி பிழைச்சா ஜூஸ் ஒழுகும். உது பிழைச்சா என்னடா ஒழுகும்?"

பத்தொன்பது ரவைகள் ஒரு பக்கம் ஒதுங்கின. மிச்சம் நாற்பத்தொன்று, மினுங்காவிட்டாலும் குற்றம் தெரியாதவை. இவற்றை நாளைக் காலை சுட்டுப் பழகும் இடத்துக்குக் கொண்டுபோகிறேன், அந்தப் பத்தொன்பதையும் தொடமாட்டேன் என்று மாமா சமாதானம் பேசினார். அம்மா அரை மனதாக, "எப்பிடிப் பிடிச்சுச் சுடுறது?" என்று கேட்டார். மாமா மூலையில் இருந்த, வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துத் தோளில் ஊன்றி, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடினார்.

நான் அந்தக் கன்னத்தைப் பார்த்தேன். ரவை வெடிக்கும் இடத்துக்கும் மாமாவின் திறந்த கண்ணுக்கும் இடையில் என் ஒரு சாண் தூரமும் இல்லை. மூடியில் இருந்த நான்கு வரிகளும் அந்த நேரத்தில்தான் எனக்குள் கனக்கத் தொடங்கின. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெயர் என்று சொன்னதைப் பெயரில்லை என்று மாற்றினால் அடுத்த கடிதத்தை யார் என்னிடம் தருவார்கள்?

ஞாயிறு காலை மாமா துவக்கை உறையில் இட்டுக் காரின் பின்பெட்டியில் பூட்டினார். ரவைப் பெட்டியைத் தனியாக வைக்கக் கையில் எடுத்தபோது நான் சப்பாத்துப் போடாமல் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, அது பேரோ எண்டு எனக்குத் தெரியாது."

"எது?"

"மூடியிலை கிடக்கிறது. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது."

"அப்ப ஏன் பேர் எண்டு சொன்னனீ?"

அதற்கும் பதில் தெரியாது. ஒரே காலையில் இரண்டு தெரியாது. அம்மா கதவடியில் இருந்து, "என்னவாம்?" என்றார். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஒண்டுமில்லையக்கா. இவளையும் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போட்டு வாறன்" என்றார்.

ஒதுக்கிய பத்தொன்பது ரவைகளையும் கூடவே எடுத்துக்கொண்டார். போனது துவக்குகளும் வேட்டைச் சாமான்களும் விற்கும் கடைக்கு. துவக்குத் திருத்தும் ஒரு கிழவர் உள்ளே இருந்தார். பெட்டியை வாங்கியதும் அவர் ரவைகளைப் பார்க்கவில்லை. முதலில் மூடியைத்தான் திருப்பினார். நான்கு வரிகளையும் சத்தமாக வாசித்தார். இன்ன வெடிமருந்து, இன்ன அளவு. என் துவக்குக்கு மட்டும். வேறு எதிலும் போடாதே.

பிறகு எனக்குப் புரியும்வரை சொன்னார். புரியாத இடத்தில் நான் முதல் தடவையாக ஒருவரை நிறுத்தி, அதற்கு என்ன கருத்து என்று கேட்டேன். இவை தொழிற்சாலையில் செய்த ரவைகள் அல்ல. சுட்டு முடித்த வெறும் கூடுகளைப் பொறுக்கி அந்த மனிதர் வீட்டில் திரும்ப நிரப்பியவை. தன் துவக்கின் பலத்தை அறிந்து, புத்தகம் சொல்லும் அளவைவிடக் கூடுதலாக நிரப்பியிருக்கிறார். கூட்டின் அடியில் உள்ள முத்திரை அந்தப் பித்தளை எங்கே பிறந்தது என்று மட்டும் சொல்லும்; உள்ளே யார் எதைப் போட்டார் என்று சொல்லாது. கட்டையான இரண்டும் வேறு ரகத் துவக்கின் ரவைகள். பச்சை பிடித்ததும் கழுத்து வெடித்ததும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து.

"பார்க்க நல்லாக் கிடக்கிற நாற்பத்தொண்டு?" என்று மாமா என்னைக் கேட்கச் சொன்னார்.

கிழவர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, ஏனென்றால் அதைத்தான் நீங்கள் சுடுவீர்கள் என்றார். துவக்கு பின்பக்கமாகத் திறந்து உங்கள் முகத்துக்கு வரலாம். முகம் தெரியாதவர் நிரப்பிய ரவையை ஒருபோதும் வாங்காதீர்கள், இனாமாகத் தந்தாலும் போடாதீர்கள். குப்பையிலும் எறியாதீர்கள், இங்கே விட்டுப் போங்கள், முறைப்படி அழிப்பதற்கு நான் ஒழுங்கு செய்கிறேன்.

நான் ஒரு சொல்லும் தாண்டாமல் சொன்னேன். உண்மையில் நான் மாமாவுக்கு வாசித்த லைசென்ஸ் பாடப் புத்தகத்திலும் இது இருந்தது. ஒரு பக்கம் முழுக்க. சோதனைக்கு வராது என்று நானே தீர்மானித்து அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.

மாமா அறுபதையும் கடையில் விட்டார். தொழிற்சாலை முத்திரை உடையாத புதுப்பெட்டி ஒன்று வாங்கினார். அந்தப் பெட்டியின் எண்ணையும் ரவையின் அடி எண்ணையும் துவக்கின் குழலில் வெட்டியிருந்த எண்ணையும் கிழவர் ஒன்றன்பின் ஒன்றாக விரலால் தொட்டுக் காட்ட, மாமா தானும் தொட்டுப் பார்த்தார். எண்கள் மாமாவுக்கு வாசிக்கத் தெரியும்.

திரும்பும்போது அவர் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். வாங்கிய சாமான் வீணாகிப் போன கோபம் என்று நினைத்தேன். கோப்பிக் கடை வாசலில் காரை நிறுத்தி எனக்கு ஒரு டோனட் வாங்கித் தந்தார். தான் கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மருமகள், நீ எனக்கு வாசிச்ச மற்றக் கடுதாசியளிலை இப்பிடித் தாண்டி விட்டது வேறையும் இருக்கோ?"

"இல்லை மாமா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"இல்லை."

சரி என்று தலையாட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வாயெல்லாம் சீனி. என் பொய் ஒன்று பிடிபட்டு, அடியும் விழாமல் டோனட்டும் கிடைத்த அதிசயத்தில் இருந்தேன். மாமா அந்த வருடம் ஒரு மானும் சுடவில்லை, ஆனால் இரண்டு கண்களோடும் திரும்பி வந்து, குளிரைப் பற்றி நான்கு நாள் கதை சொன்னார். அம்மாவிடம் மூடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் கார் இருக்கையில் அவர் எதையெல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு வந்த பதில், அம்மாவின் மருந்துச் சீட்டு, அவர் ஒப்பமிட்ட ஒவ்வொரு தாள். எல்லாம் என் வாய்வழியாகத்தான் அவரிடம் வந்தன. அந்த "இல்லை"யைச் சரிபார்க்க அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. இருந்தும் அடுத்த நாள் மாலை வந்த கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடமே தந்தார்.

இப்போது நான் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள். போன வருடம் அந்தத் துவக்கு லைசென்ஸை நானும் எடுத்தேன், இந்த வசந்தத்தில் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் தகுதியும் பெற்றேன். மாமாவின் தொழிற்சாலையில் இன்று வேட்டைக்குப் போகும் தமிழர்கள் நிறையப் பேர். பழைய ரவை மலிவாகக் கிடைக்கிறது என்று அவர்களுக்கும் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அவர்களுக்காகப் பாடம் முழுவதையும், ஒரு பக்கமும் விடாமல், தமிழில் சொல்லிப் பதிவு செய்தேன். முடிந்ததும் இரண்டு மொழியும் தெரிந்த என் சிநேகிதியிடம் கொடுத்து, புத்தகத்தை விரித்து வைத்து வரிக்கு வரி கேட்கச் சொன்னேன். பதினொரு பிழை கண்டுபிடித்தாள். பதினொன்றையும் திருத்திப் பதிந்து, நேற்று அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.