அம்மாவுக்கு உப்பில்லாமல் சுட்ட ரொட்டி

"ரொட்டியிலயுமா உப்பு இருக்கு?"

இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் சாய்வு நாற்காலியில் படுத்தபடி அம்மா கேட்ட கேள்வி இது. இடது கையில் குழாய்கள். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உணவு ஆலோசனை சொல்ல வந்திருந்த இளம்பெண், "ஆமா ஆண்ட்டி, கடை ரொட்டி எல்லாத்துலயும் இருக்கு. குறைச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

ஊறுகாயை விட்டபோது அம்மா முணுமுணுத்தார். கருவாட்டை விட்டபோது மருத்துவரோடு வாதாடினார். ரொட்டியையும் குறைக்கச் சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு முன்பே சோறு இறங்காமல் உடம்பு மெலிந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டிதான் அவர் தானாகக் கேட்டுச் சாப்பிட்ட ஒரே உணவு. அதுவும் போனால் இவர் எதைத்தான் சாப்பிடுவார் என்று நினைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அம்மா, நானே வீட்டுல சுடுறேன். உப்பே போடாம."

அம்மா திரும்பிப் பார்த்தார். "கித்தார் வாங்குனியே, அது மாதிரியா? மீன் தொட்டி வச்சியே, அது மாதிரியா?"

அவரது இளைய பிள்ளையாகிய நான் எதையும் வேகமாகத் தொடங்கி, அதைவிட வேகமாக விட்டுவிடுகிறவன் என்பது இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களாகிய உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே அதை இங்கே மறைப்பதற்கில்லை.

அம்மா நிபோங் திபாலை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளியின் இரண்டாவது மகளாகப் பிறந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். இடைநிலைப்பள்ளியைப் பாதியில் நிறுத்திவிட்டு, பாயான் லெப்பாஸில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்குள் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். பசியாற நேரமிருக்காது. பெங்காலி ரொட்டி எனும் தடித்த கடை ரொட்டியில் ஒரு துண்டைக் கோப்பியில் முக்கி, நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவாராம். பூதக்கண்ணாடியில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. அப்பாவை மணந்து ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது வெளியேறியவர், மறுவாரமே லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். என்னையும் அக்காவையும் பல்கலைக்கழகம்வரை அனுப்பியது அந்தத் தையல் இயந்திரமும் அப்பாவின் லோரியும்தான். இத்தனைக்கும் நடுவில் அவரது இரத்த அழுத்தத்தை யாரும் பார்க்கவில்லை. சிறுநீரகம் கெடும்வரை அவரும் பார்க்கவில்லை.

இது போன்ற மலர்களில், நோயைப் புன்னகையோடு தாங்கினார் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா களைத்திருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சுத்திகரிப்பு. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அப்பா களைத்திருந்தார். அக்காவும் நானும் களைத்திருந்தோம். வீட்டில் யார் எதைக் கேட்டாலும், "அப்புறம் பாக்கலாம்லா" என்பதே பதிலாகிப் போயிருந்தது.

அந்தக் களைப்புக்கு நடுவில்தான் நான் ரொட்டி சுட்டேன். கனமான இரும்புச் சட்டியைச் சூடேற்றி, உருட்டிய மாவை உள்ளே இறக்கி, மூடி போட்டு ஓவனில் வைத்தால், மேலே வெடித்துப் பழுப்பேறிய உருண்டை ரொட்டி வரும் என்று காணொளிகளில் பார்த்திருந்தேன். உப்பை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். உப்பு ருசிக்காக மட்டும் சேர்ப்பதில்லை, மாவை இறுக்கிப் பிடிப்பதும் புளிப்பதை நிதானப்படுத்துவதும் அதுதான் என்று பிறகுதான் படித்தேன். உப்பில்லாத மாவு பினாங்கு வெக்கையில் கட்டுக்கடங்காமல் பொங்கியது. கையில் எடுத்தால் வழிந்தது. சட்டியில் இறக்கியதும் தட்டையாகப் படுத்துவிட்டது.

"என்னடா இது? லோரி டயர அமுக்குன மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"டயரா இருந்தா ஓட்டியிருப்பேனே" என்றார் அப்பா.

அம்மா ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "பல்லு எனக்கு இருக்கு. கிட்னிதான் போச்சு. பல்லையும் எடுத்துராத."

மேலோடு அவ்வளவு கடினம். முன்பென்றால் கோப்பியில் முக்கியிருப்பார். இப்போது குடிக்கும் தண்ணீருக்கும் அளவு இருந்தது. ரொட்டி உறிஞ்சுகிற கோப்பியும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியை அவர் முக்காமலே விழுங்கும்படி வரவைக்க வேண்டும். நான் தண்ணீரைக் குறைத்தேன். மாவைக் குளிர்பெட்டிக்குள் வைத்துப் பொங்க விட்டேன். இன்னும் இறுக்கமாக உருட்டப் பழகினேன். கடையில் வாங்கும் ஈஸ்டை விட்டுவிட்டு, மாவும் தண்ணீரும் கலந்து போத்தலில் நானே புளிக்க வைத்தேன். புளிப்பாவது கொஞ்சம் ருசி தருமே என்ற எண்ணம். அந்தப் போத்தலில் தினமும் பழைய மாவைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதிதாக மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும்.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் அதைச் செய்யும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, அம்மா எடுத்துக்கொண்டார். வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றால், "நான் சாப்பிட்டேனோ இல்லையோ, உன் போத்தலுக்குப் போட்டுட்டேன். பொங்கிக்கிட்டு நிக்குது, பேய் மாதிரி" என்பார்.

ஒருநாள் சுத்திகரிப்பு முடிந்து வந்து சாய்ந்தவர், கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு ரொட்டி சுடலையா?" என்று கேட்டார். முந்தின நாள் சுட்டது இருந்தது. துண்டு போட்டு, பூண்டைத் தேய்த்து, மிளகு தூவி, வாட்டிக் கொடுத்தேன். ஓரத்தைப் பிய்த்து, "தோலு உங்கப்பாவுக்கு" என்று தட்டில் ஒதுக்கினார். உள்ளே இருந்ததை மெதுவாக, முழுவதும் சாப்பிட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"ருசின்னு ஒன்னும் இல்ல. மணமா இருக்கு. இன்னொன்னு குடு."

அதன்பின் சில மாதங்கள் அம்மாவின் காலை உணவு அதுவாகத்தான் இருந்தது. அவருக்காக வீட்டில் எல்லாரும் அந்த உப்பில்லாத ரொட்டியையே சாப்பிட்டோம். அப்பா மேலோட்டைத் தின்று தின்றே தாடை வலிக்கிறது என்பார்.

பிறகு கிருமித்தொற்று வந்தது. மருத்துவமனையில் அம்மா எதையும் கேட்கவில்லை. ஒரு விடியற்காலையில், அக்கா அவர் கையைப் பிடித்திருக்கும்போதே போய்விட்டார்.

அம்மாவை எடுத்துச் சென்ற பிறகு, வழக்கப்படி பெரியம்மா முன்னின்று வீட்டைக் கழுவிவிட்டார். சாவு வீட்டில் சமைத்தது, புளித்தது, பழையது எதுவும் தங்கக் கூடாது. குளிர்பெட்டியைக் காலி செய்தபோது போத்தலும் போனது. மயானத்திலிருந்து திரும்பிய நான் தேடினேன்.

"கெட்டுப் போன மாவுதானேய்யா? மூக்கப் பொத்திக்கிட்டு ஊத்துனேன்" என்றார் பெரியம்மா.

அதற்குத் தினமும் மாவு போட்டு வந்தவர் அவருடைய தங்கைதான் என்று அக்கா சொன்னதும், பெரியம்மா கழுவிய தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் ரொட்டி சுடவில்லை. இன்னொரு போத்தல் வைக்கத் தெம்பில்லை. இரும்புச் சட்டி குளிர்பெட்டிக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஓராண்டுப் படையலுக்கு என்னென்ன சமைப்பது என்று பேச அண்மையில் எல்லாரும் கூடினோம். கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய் என்று அம்மா கைவிட்டதை எல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். "அப்புறம் ரொட்டி" என்றார்.

"ரொட்டிய இலையில வைக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்லையேம்மா" என்றார் பெரியம்மா.

"தாத்தாவுக்கு பீர் வச்சோமே பெரியம்மா, அது மட்டும் வழக்கமா?"

"அது அவரு ஆசப்பட்டது."

"இது அம்மா ஆசப்பட்டது."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "சரி, சுடு. ஆனா படையலுக்குச் செய்யறத ருசி பாக்கக் கூடாது. தெரியும்லா?"

தெரியும் என்றேன். எனக்கு ருசி பார்க்கத் தேவையும் இல்லை. அந்த ரொட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவேன். அப்போதுதான் அப்பா குறுக்கிட்டார்.

"தம்பி, உப்பு போட்டுச் சுடு."

"அம்மா ரொட்டின்னா உப்பு இல்லாம தானேப்பா?"

"இன்னும் எதுக்கு அவளுக்குப் பத்தியம்? இனிமே எந்த டாக்டரு வந்து கேக்கப் போறான்? நல்லாப் போடு."

அப்பா எழுந்து முகம் கழுவப் போனார்.

அம்மாவுக்குத் துணை நின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்களால் முடியாத நாட்களில் தமது காடியில் அவரை ஏற்றிச் சென்று, முடியும்வரை வெளியே காத்திருந்த கீழ்மாடி அண்ணன், நரம்பு கிடைக்காத கையில் பொறுமையோடு ஊசி போட்ட தாதியர், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்கள், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் நன்றி.

இதை எழுதும் இந்த வாரம் ஒரு புதிய போத்தலில் மாவு பொங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் உப்புப் போட்ட மாவை நான் இதுவரை தொட்டதே இல்லை. அது எவ்வளவு இறுகும், எவ்வளவு தாமதமாகப் பொங்கும் என்று எனக்குத் தெரியாது. முன்னதாக ஒன்றைச் சுட்டுத் தின்று பார்த்துக்கொள் என்கிறார் அக்கா. மனம் வரவில்லை. உப்புப் போட்ட முதல் ரொட்டி அம்மாவின் இலைக்குத்தான் போக வேண்டும். அன்று காலையில் மாவில் உப்பைச் சேர்த்து, ருசி பார்க்காமல் சுடப் போகிறேன். படையல் முடிந்து உங்கள் இலைக்கும் ஒரு துண்டு வரும். உப்புக் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும், நினைவு நாளாயிற்றே என்று தயங்காமல், என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.