ஒரு விரல் கறுப்பு மண்

இருளாயி அக்கா எனக்கு மலேசியாவின் கோப்பெங்கில் பக்கத்து நிலத்துக்காரி. எழுபத்தெட்டில், வெள்ளீயம் தோண்டி முடித்த ஒரு கம்பெனி வெள்ளை மணலையும் ஒரு குளத்தையும் விட்டுவிட்டுப் போனது. ரப்பர் தோட்டத்தில் வேலை போன எங்களுக்கு நில அலுவலகம் அதில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் தற்காலிகமாகக் கொடுத்தது. மூன்று வருடத்தில் பயிர் வந்தால் நிலம் நமக்கு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் வருடம் அக்கா நட்ட மரவள்ளி மணல் சூட்டில் கருகியது. காட்டுக்கொடி படர்ந்த இடத்தில் மட்டும் ஈரம் நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். அன்றிலிருந்து ஒரு புல்லைக்கூடப் பிடுங்க விடவில்லை. கொடியை இழுத்து இழுத்துப் படரவிட்டாள். கோழி எருவைச் சைக்கிளில் கொண்டுவந்து அதனடியில் கொட்டினாள். மூன்றாம் வருடம் மறுபடி நட்ட மரவள்ளி பிடித்து, மணல்மேல் ஒரு விரல் ஆழத்துக்குக் கறுப்பு மண் சேர்ந்திருந்தது. அதை அள்ளி எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் புருஷன் சின்னையா தோட்டத்தில் முப்பது வருடம் புல்வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர். துரை வருகிறார் என்றால் ரப்பர் மரத்தடி வழித்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டோருக்குத் திட்டு விழும். நல்ல மனுஷன்தான், பாவம். புல்லைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது.

நில அலுவலகத்து அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தபோது அக்கா மகளின் பிரசவத்துக்காகக் குனோங் ராபாட்டுக்குப் போயிருந்தாள். புல் மண்டிய நிலத்தை அதிகாரிக்குக் காட்ட சின்னையாவுக்கு வெட்கம். மூன்று நாள் மண்வெட்டியோடு நின்று, மரவள்ளியை மட்டும் விட்டுவிட்டு, கொடியையும் கறுப்பு மண்ணையும் சேர்த்துச் சுரண்டிக் குளத்தில் தள்ளிவிட்டார். நான் ஈப்போவில் கூலி வேலை முடித்து வந்து பார்த்தேன். வெள்ளை மணல்தான் மிச்சம்.

அக்கா வந்து இறங்கிய காலையிலேயே அதிகாரியும் வந்தார். நிலம் சுத்தமாக இருக்கிறதென்று மெச்சி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிலம் அவர்களுக்கே. சின்னையா சிரித்தபடி காகிதத்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. குனிந்து வெள்ளை மணலைத் தொட்டுப் பார்த்தாள்.

"காகிதம் இருக்கு. மண்ணு எங்கங்க?" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் விடிந்ததும் குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று, வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அக்கா கரைக்கு வந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கையிலிருந்து வாளியை வாங்கினாள்.

"கொட்டுறதோட விட்டுருங்க. கூட்டிப் பெருக்கிறாதீங்கலா" என்றாள்.