புது டிஸ்க்கும் பொரியாத முட்டைகளும்

நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முட்டைகள் அடுக்கிய எந்திரங்களின் சூட்டை ஒரு ப்ரோகிராம் விடாமல் பதிவு செய்யும். கூடினாலும் குறைந்தாலும் அதுவே சரிசெய்யும். ஒரு சித்திரை மாதக் காலையில் அது அப்படியே உறைந்து நின்றது. பதிவுகள் சேர்ந்து சேர்ந்து ஹார்ட் டிஸ்க்கில் இடமே இல்லை.

ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தவரைப் போனில் பிடித்தேன். நல்லவேளை, காலியான இன்னொரு டிஸ்க் ஏற்கெனவே மாட்டியிருந்தது. "ப்ரோகிராமை மூடிட்டு, டேட்டா முழுசையும் புது டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. எல்லாம் சரியா ஓடறவரைக்கும் பழசை அழிச்சிராதீங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல இடத்தை மாத்துங்க" என்றார்.

அது மறுபடி ஓடும்வரை சூட்டைக் கையால்தான் கட்டுப்படுத்த வேண்டும். உள்ளே இருந்ததோ மறுநாள் பொரிய வேண்டிய முட்டைகள். மேற்பார்வை பார்க்கும் அண்ணனிடம் சொன்னேன்.

"மூடு அம்மிணி. நான் உள்ளார நிக்கறேன். சூடு ஏறுனா கதவத் தொறந்துக்கறேன்."

காப்பி ஓடத் தொடங்கியது. பாதியில் பச்சைக் கோடு நகராமல் நின்றுவிட்டது. எந்திர அறைக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"கடேசி மிசின்ல ஏறுது. ரொம்ப நேரம் தொறந்து வெக்க முடியாது, ஈரம் போயி முட்டை காஞ்சிரும். இன்னும் எத்தன நேரமாகும்?"

"தெரியலீங்கண்ணா" என்றேன்.

கோடு மறுபடி நகர்ந்து முடிந்தது. இடத்தை மாற்றிவிட்டு ப்ரோகிராமைத் திறந்தேன். திரை காலியாக இருந்தது. ஓர் எந்திரம்கூட இல்லை. மறுபடி போன் போட்டேன்.

"புது டிஸ்க்ல எழுத ப்ரோகிராமுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க" என்றார் அவர்.

இல்லை. அனுமதியைக் கொடுத்துத் திறந்தேன். எந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கடைசி எந்திரம் மட்டும் சிவப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மஞ்சளாகி, பிறகு பச்சையானது.

அண்ணன் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். "எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுங்கண்ணா."

மறுநாள் அந்த எந்திரத்தைத் திறந்தபோது நானும் போய் நின்றேன். தட்டு நிறையக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. இடையிடையே பொரியாத முட்டைகளும் கிடந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்பவும் இருக்கறதுதான் அம்மிணி" என்றார் அண்ணன். எனக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, பழைய டிஸ்க்கிலிருந்த பதிவுகளை அழித்தேன்.