இரண்டாவது சிலிண்டரில் ஒரு சத்தம்

நல்லகாமனுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. உசிலம்பட்டியில் ஒரு டிராக்டர் பட்டறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் மேல் நீளமான திருப்புளியின் நுனியை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பார். "மூணாவது வால்வு லூசா இருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

முதலில் மெல்லிய சத்தங்கள்தான் போயின. குருவி, கொலுசு, சைக்கிள் மணி. பெரிய சத்தமெல்லாம் வழக்கம்போலக் கேட்டதால் அவருக்குத் தன் காதின்மேல் சந்தேகமே வரவில்லை. இப்போதெல்லாம் ஆட்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று வீட்டில் குறைபட்டுக்கொண்டார்.

நான்கு வருடங்களுக்கு முன் கருத்தக்கண்ணன் தன் டிராக்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். எழுமலைக்கு மேற்கே தோட்டம் வைத்திருப்பவர், நல்லகாமனைவிட நாலைந்து வயது இளையவர். "உள்ள என்னமோ கிண்ணு கிண்ணுங்குதுண்ணே" என்றார். நல்லகாமன் திருப்புளியை வைத்துக் கேட்டார். இன்ஜின் சீராக ஓடுவதாகத்தான் அவருக்குத் தோன்றியது. "ஒண்ணுமில்லப்பா. ஓட ஓடச் சரியாப்போகும்" என்று அனுப்பிவைத்தார். ஒன்பதாம் நாள், உழவு ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு இரண்டாக உடைந்தது. சிலிண்டர்களைத் தாங்கும் பிளாக்கும் பிளந்துபோனது.

கருத்தக்கண்ணன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நல்லகாமனுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். நல்லகாமன் மதுரைக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டார். டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கனத்த சத்தங்கள் கேட்கும். சன்னமானவை இனிக் கேட்காது. இன்ஜின் பக்கத்திலேயே நின்றதால் வந்தது, திரும்பி வராது. அந்த வாரமே பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஊரிலேயே பருத்தி மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி அன்னக்கொடி வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஒரு முடிவோடுதான் பேசுவார். அவருக்கு அப்பா வழியில் வந்தவை இரண்டு. ஒன்று, ஊருக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். இன்னொன்று, கொல்லையில் நிற்கும் பழைய சிவப்பு டிராக்டர். ஐம்பது வருடத்து வண்டி, மூன்று சிலிண்டர். புகைக்குழாயின் வாயை மூடியிருந்த தகர டப்பா ஒரு மழையில் பறந்துபோய், உள்ளே தண்ணீர் இறங்கி, இன்ஜின் அசையாமல் இறுகிவிட்டது. பத்து வருடமாக அதன்மேல் அவரைக்கொடி படர்ந்திருந்தது.

அதைத் திருப்பி ஓட்டியாக வேண்டும் என்று அன்னக்கொடி சொன்னதற்குக் காரணம் மழைதான். அந்தப் பக்கத்தில் மழை பெய்தால் மூன்று நான்கு நாள்தான் உழவுக்கு ஏற்ற ஈரம் நிற்கும். வாடகை டிராக்டர்கள் பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர்காரர்களை முடித்துவிட்டுத்தான் இரண்டு ஏக்கரைத் திரும்பிப் பார்க்கும். அதற்குள் மண் காய்ந்துவிடும். இப்படியே இரண்டு வருடம் நிலம் சும்மா கிடந்தது.

"ஏங்க, அந்த டிராக்டரப் பிரிங்க" என்றார் அன்னக்கொடி ஒருநாள் காலையில், இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு.

"பிரிச்சு? ஓட்டிப் பாத்தா அது என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேக்கவா செய்யும்?"

அன்னக்கொடி அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் நல்லகாமன் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார் என்பது அவருக்குத் தெரியும். "எனக்குக் கேக்கும்ல?" என்றார்.

நல்லகாமன் இட்லியைத் தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து திரும்பியபோது, டிராக்டர்மேல் கிடந்த அவரைக்கொடி முழுவதும் வெட்டப்பட்டு வேலியோரம் குவிந்திருந்தது.

அது மாசி மாதம். முதலில் மூன்று சிலிண்டரிலும் டீசலை ஊற்றி எட்டு நாள் ஊறவிட்டார். ஒன்பதாம் நாள் ஒரு கட்டையை வைத்துப் பிஸ்டனின் தலையில் தட்டினார். அசையவில்லை. மறுபடி ஊற்றினார். பதிமூன்றாம் நாள் ஒரு நூல் அளவு இறங்கியது. அது அவர் காதில் விழவில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது. "எறங்கிருச்சு!" என்று கத்தினார். தான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டான்.

பிரித்த சாமான்களை அன்னக்கொடி பழைய தையல் துணிகளில் முடிந்துவைத்தார். முதல் சிலிண்டருக்கு மஞ்சள் துணி, இரண்டாவதுக்குப் பச்சை, மூன்றாவதுக்கு ஊதா. போல்ட்டு, நட்டு, வால்வு எல்லாம் அந்தந்த நிறத்துக்குள் போயின. முப்பத்தோரு வருடத்தில் எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு ஒழுங்கை நல்லகாமன் கண்டதில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை.

கிராங்க்கையும், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் கடைசலுக்கு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நல்ல லேத்து மதுரை அவனியாபுரத்தில் இருந்தது. இரண்டையும் தனித்தனிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, அம்மிக்கல்லா?" என்றார். நல்லகாமனுக்குக் கேட்கவில்லை. அன்னக்கொடி, "எங்க அப்பா வீட்டுச் சீரு" என்றார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே சாக்கைச் சீட்டுக்கடியில் நகர்த்திக் கொடுத்தார். ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கடைசித் தூரத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர மத்தியானம் ஆனது.

லேத்துக்காரர் கிராங்க்கை அளந்தார். தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்றார். ஹெட்டைக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் தலையை ஆட்டினார். இரண்டு வால்வுக்கு நடுவே முடிபோல ஒரு விரிசல். "இத ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. வேற ஹெட்டு வேணும். இந்த மாடலு இப்ப எங்க கெடைக்கும்?"

எங்கே கிடைக்கும் என்பது நல்லகாமனுக்குத் தெரியும். அதே மாடல் டிராக்டர், பிளாக் பிளந்து ஹெட் மட்டும் நன்றாக, கருத்தக்கண்ணன் தோட்டத்தில் கிடந்தது. திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அன்னக்கொடிக்கும் அது தெரியும். செக்கானூரணி தாண்டியதும் அவர் கையைத் தொட்டுத் திருப்பி, "நாளைக்கே போவோம். நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் காலை தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் கருத்தக்கண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க மதினி, வாங்கண்ணே" என்றார். நல்லகாமன் உட்காரவில்லை. நின்றபடியே, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலப்பா. அன்னைக்கும் கேக்கல. கேக்கலங்கிறதே எனக்குத் தெரியல. ஒண்ணுமில்லன்னு சொல்லி ஒன் வண்டிய அனுப்புனேன். அத ஒன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம வீட்டுல உக்காந்துட்டேன்."

கருத்தக்கண்ணன் கையிலிருந்த வெங்காயத்தைக் கூடையில் போட்டார்.  "எனக்குக் கோவந்தான்" என்றார் அன்னக்கொடியிடம். "இம்புட்டு நாளா ஒரு வார்த்த சொல்லலையேன்னுதான் கோவம். வண்டி போனதுக்கு இல்ல. சத்தம் கேட்டும் ஓட்டுனவன் நானுந்தான?" பிறகு நல்லகாமன் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து கேட்டார். "இப்ப என்னண்ணே வேணும்?"

"ஹெட்டு."

"கழட்டிக்கங்க."

அவரே ஸ்பானரைத் தேடி எடுத்துவந்தார். துருப்பிடித்த நட்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு மூன்று பேருமாகக் கழற்றினார்கள். முடியப் பத்து மணி ஆனது. கூழும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார் கருத்தக்கண்ணன்.

ஆடி முடிவதற்குள் இன்ஜின் மறுபடி ஒன்று சேர்ந்தது. புது லைனர், புது பிஸ்டன், புது பேரிங். வால்வுகளை, இடுக்கில்லாமல் பொருந்தும்படி, அன்னக்கொடியே பேஸ்ட் போட்டுத் தேய்த்தார். துணிமேல் ஊசி போகும் அழுத்தம் தெரிந்த கை அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் நல்லகாமன் அவசரப்பட்டார். பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் புதுப் பின் இரண்டாவது சிலிண்டரில் நுழையாமல் இறுகியது. அதற்காக மறுபடி அவனியாபுரம் போகவேண்டும். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. பழைய பின்னை விரலால் தடவிப் பார்த்தார். போதும் என்று பட்டது. அதையே போட்டுவிட்டார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பினார்கள். டீசல் குழாயில் காற்றை வெளியேற்றி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பியதும் வெள்ளைப் புகை கிளம்பிக் கொல்லையை மறைத்தது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. நல்லகாமன் பானெட்டில் இரண்டு கையையும் வைத்தார். நெஞ்சுவரை அதிர்வு ஏறியது. அவர் சிரிப்பதை அன்னக்கொடி நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார். பார்த்துவிட்டும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"ஒரு சத்தம் கேக்குதுங்க."

"என்ன சத்தம்?"

"தையல் மெஷின்ல ஊசி வளைஞ்சு தகட்டுல இடிக்குமே, அது மாதிரி. ரெண்டு ரெண்டாக் கேக்குது. டிக்டிக், டிக்டிக்."

"அதெல்லாம் புது இன்ஜின் இறுக்கம். ஓட ஓடச் சரியாப்போகும்."

சொல்லி முடித்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது. அந்த வார்த்தையைத் தான் முன்பு யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.  நல்லகாமன் போய் ஸ்பானரை எடுத்துவந்தார்.

"நான் ஒவ்வொரு சிலிண்டருக்கா டீசல நிறுத்துறேன். எதுல அந்தச் சத்தம் நிக்குதோ, அப்பக் கையத் தூக்கு."

டீசலைத் தெளிக்கும் முதல் நாசிலின் குழாய் நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் தள்ளாடியது. அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார், கை அசையவில்லை. நட்டை முறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார். கை மேலே போனது.

"நல்லாக் கேட்டியா?"

"திருப்பிப் பண்ணுங்க."

மூன்றாவதைப் பார்த்தார், முதலாவதைப் பார்த்தார். பிறகு அன்னக்கொடி கண்ணை மூடியிருக்கும்போதே வரிசையை மாற்றிச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டாவதில்தான் கை எழுந்தது. நல்லகாமன் இன்ஜினை அணைத்தார். பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்து, கைகளைத் துடைத்துக்கொண்டே பழைய பின்னைப் பற்றிச் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மறுபடி பஸ் ஏறியிருப்போம்ல?" என்றார் அன்னக்கொடி.

"ஆமா."

"செரி, எந்திரிங்க."

ஹெட்டை இறக்கி, அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பைக் கழற்றி, இரண்டாவது பிஸ்டனை வெளியே எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் தேய்ந்து லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. விரலுக்குத் தெரியாத பள்ளம். செவ்வாய்க்கிழமை அவனியாபுரம் போய், புதுப் பின்னுக்குத் தகுந்தபடி, அது நுழையும் புஷ்ஷைச் சரிசெய்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி கிளப்பினார்கள். அன்னக்கொடி இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து கேட்டார், எட்ட நின்றும் கேட்டார். அவசரமே படவில்லை. கடைசியில் நல்லகாமன் முன்னால் வந்து, "இப்ப ஒரே சத்தமா இருக்கு. உள்ள தனியா எதுவும் பேசல" என்றார்.

புரட்டாசி முதல் வாரம் நல்ல மழை. விடிந்ததும் டிராக்டரைத் தெற்கே ஓட்டிப்போனார்கள். நல்லகாமன் ஓட்ட, அன்னக்கொடி மட்கார்டில் உட்கார்ந்து காதை இன்ஜின் பக்கமே வைத்திருந்தார். அரை ஏக்கர் ஓடியதும் அன்னக்கொடி அவர் தோளைத் தட்டினார். நல்லகாமன் பயந்துபோய் வண்டியை நிறுத்தினார்.

"என்ன, சத்தமா?"

"இல்ல. எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

முதல் உழவுச் சால் கோணலாகத்தான் போனது. நல்லகாமன் வரப்பில் நின்று கையால் இடம் வலம் காட்டினார். மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டு, வேப்பங்குச்சி ஒடித்துப் பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குள் இரண்டு ஏக்கரும் முடிந்தது. மறுநாள் நிலக்கடலை விதைத்தார்கள். எட்டாம் நாள் வரிசை பிடித்து முளைத்திருந்தது.